சிலிக்கோன் பொம்மையில் கிழிசல்: எந்த இடத்துக்கு எந்தப் பசை?

பெரியவர்களுக்கான முழு உருவச் சிலிக்கோன் பொம்மையின் எடை பெரும்பாலும் 25 கிலோவுக்கும் 40 கிலோவுக்கும் இடையில் இருக்கும். உள்ளே எஃகு எலும்புச்சட்டம். அதைச் சுற்றி, விரலால் அழுத்தினால் குழிந்து மீளும் ரப்பர். அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போதெல்லாம் அத்தனை எடையும் அந்த மென்மையான ரப்பரின் மேல்தான் விழுகிறது. ஆகவே கிழிசல் விழுந்ததற்காக யாரும் தம்மை நொந்துகொள்ள வேண்டியதில்லை. வருத்தம் தருவது அதற்குப் பிறகு நடப்பதுதான். கூச்சத்தால் யாரிடமும் யோசனை கேட்க முடிவதில்லை. மேசை இழுப்பறையில் கிடக்கும் உடனடிப் பசையை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். பெரும் பணம் கொடுத்து வாங்கிய பொருள், சில ரூபாய்ப் பசையால் திருத்த முடியாதபடி கெட்டுவிடுகிறது. தனியாக வாழ்கிறவர், துணையை இழந்தவர், புகைப்படக் கலைஞர் என்று இதை வைத்திருப்பவர்கள் பல வகை. யார் எதற்காக வைத்திருக்கிறார் என்ற விசாரணை இங்கே வேண்டாம். கிழிந்ததை ஒட்டுவதற்கு எல்லோருக்கும் வேதியியல் ஒன்றுதான்.

சிலிக்கோன் அச்சும் வார்ப்புமாகப் பல ஆண்டுகள் வேலை செய்கிறவன் நான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பசை எவ்வளவு வலுவானது என்பதைவிட, இறுகிய பிறகு சுற்றியுள்ள தோலோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் பழுதின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நைந்த வேட்டியில் முரட்டுக் காடாத் துணியை வைத்துத் தைத்தால் ஒட்டு அப்படியே நிற்கும், அதன் ஓரத்தில் வேட்டி கிழியும். சிலிக்கோனிலும் நடப்பது அதேதான். கீழே சொல்லும் வழிகளை எல்லாம் இந்த அளவுகோலில்தான் நிறுத்துப் பார்க்கிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் பொருள் எது என்று தெரிய வேண்டும். சிலிக்கோன் என்று சொல்லி விற்பவை எல்லாம் சிலிக்கோன் அல்ல. விலை குறைந்த பொம்மைகளில் பெரும்பங்கு டிபிஇ எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் எலாஸ்டோமரால் ஆனவை. கனிம எண்ணெயை ஏராளமாக உறிஞ்சி வைத்திருக்கும் மென்மையான பொருள் அது. சூட்டில் உருகும்; டொலுவீன், சைலீன் போன்ற கரைப்பான்களில் கரையும். அதனால் அதன் கிழிசலில் கரைப்பானைத் தடவி இரு விளிம்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறார்கள், அல்லது சூடான கருவியால் உருக்கிச் சேர்க்கிறார்கள். சிலிக்கோன் ஒருமுறை இறுகிவிட்டால் உருகவும் செய்யாது, கரையவும் செய்யாது. டிபிஇக்கான பசையைச் சிலிக்கோனில் தடவினால் விளிம்பு கொஞ்சம் உப்பும், கரைப்பான் பறந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். கிழிசல் கிழிசலாகவே இருக்கும்.

சோதிப்பது எளிது. கழுத்து இணைப்பின் உட்புறம் போல வெளியே தெரியாத இடத்தில், சூடாக்கிய ஊசியின் நுனியால் லேசாகத் தொடுங்கள். டிபிஇ என்றால் உருகி ஊசியோடு இழையாக வரும். சிலிக்கோன் என்றால் உருகாது. எண்ணெய்ப் பிசுக்கு இருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். மிக மென்மையான சிலிக்கோனிலும் சிலிக்கோன் எண்ணெய் கலப்பதுண்டு, அதுவும் மெல்லக் கசியும்.

சிலிக்கோனிலும் தகரச் சேர்மத்தால் இறுகுவது, பிளாட்டினச் சேர்மத்தால் இறுகுவது என்று இரண்டு வகை உண்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் 1990களின் பிற்பகுதியில் தொழில் தொடங்கிய அபிஸ் கிரியேஷன்ஸ், தன் ‘ரியல்டால்’ பொம்மைகளை முதலில் தகர வகையில்தான் வார்த்தது. 2009இல் பிளாட்டினத்துக்கு மாறியது. பிளாட்டின வகையில் கிழிசலும் குறைவு, ஒரே நிலையில் கிடந்தால் விழும் அழுத்தத் தழும்பும் குறைவு. தகர வகை ஆண்டுகள் போகப் போகத் தானாகவே வலுவிழக்கும். அப்படி மூப்பேறிய பொம்மையில் எவ்வளவு நல்ல பழுதும் சில காலத்துக்கு மட்டுமே. அதில் விலையுயர்ந்த பொருளைக் கொட்ட வேண்டாம் என்பேன்.

அடுத்து, விழுந்திருப்பது எந்த மாதிரிப் பிளவு என்று பார்க்க வேண்டும். பொம்மை இரண்டு பாதியாக உள்ள அச்சில் வார்க்கப்படுகிறது. பாதிகள் சேரும் இடத்தில் சிலிக்கோன் மெல்லிய பிசிறாக வெளியே பிதுங்கும். அதைக் கத்தரித்துவிட்டு, கோடு தெரியாதபடி மேலே மெல்லிய சிலிக்கோன் பூச்சு கொடுக்கிறார்கள். உடலின் பக்கவாட்டில் அக்குளிலிருந்து இடுப்பு வழியாக ஓடும் அந்த அச்சுக் கோடு பிரிந்துவிட்டது என்று பதறுகிற பலருக்கும் உண்மையில் பெயர்ந்திருப்பது இந்த மேல்பூச்சுதான். இரண்டு விரலால் விளிம்புகளை மெதுவாக விலக்கிப் பாருங்கள். அடியில் மூடிய, வழவழப்பான ரப்பர் தெரிந்தால் அது பூச்சு பெயர்ந்த இடம். எடை தாங்குகிற இடம் அல்ல. அடியில் சொரசொரப்பான, நிறம் மாறிய உட்பகுதியோ, எடையைக் குறைக்க வைக்கும் நுரைப் பஞ்சோ, எஃகோ தெரிந்தால் அது உண்மையான கிழிசல். பிசிறைக் கத்தரிக்கும்போது கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போயிருந்தாலே போதும், இழுபடும் இடங்களில் அந்தச் சிறு வெட்டுதான் பிறகு நீண்ட கிழிசலாகிறது.

இனி வழிகள். உடனடிப் பசை, எபாக்ஸி, சூடான பசைத் துப்பாக்கி, செருப்புக்குப் போடும் ரப்பர் பசை ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் ஒதுக்கிவிடலாம். சிலிக்கோனின் மேற்பரப்பில் வேறு வகைப் பொருள்கள் ஒட்டுவதே அரிது. அதனால்தான் மற்ற பொருள்களை வார்க்க அச்சே சிலிக்கோனில் செய்கிறார்கள். உடனடிப் பசை பிடித்த மாதிரி தோன்றினாலும் கண்ணாடித் தகடு போல இறுகி, ஒருமுறை வளைந்ததும் உடைகிறது. அதன் கூரான ஓரங்கள் தோலை மேலும் கீறுகின்றன. அதைவிட மோசம், அடுத்த பழுதுக்கு முன் அதைச் சுரண்டி எடுக்கும்போது நல்ல சிலிக்கோனும் சேர்ந்து போய்விடும்.

ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் சிலிக்கோன் சீலன்ட் அடுத்த ஆசை. கழுவுதொட்டி ஓரத்தில் பூசுகிற, வினிகர் வாசனையடிக்கும் அந்தக் குழாய். இதைக் குப்பை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் இதுவும் சிலிக்கோன்தான், சிலிக்கோனோடு ஓரளவு பிடிக்கும். ஆனால் குளியலறை வகைகளில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். உடலில் படும் பொருளுக்கு அது வேண்டாம். மலிவான வகைகளில் கனிம எண்ணெய் கலப்பதால் நாளடைவில் சுருங்கி விளிம்பை இழுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இறுகிய சீலன்ட் பொம்மைத் தோலைவிடப் பல மடங்கு கடினம். பொம்மைத் தோலின் மென்மையை அளக்க ஷோர் 00 என்ற அளவுகோல் பயன்படுகிறது. சீலன்டைக் கடினமான ரப்பர்களுக்கான ஷோர் ஏ அளவுகோலில் அளக்கிறார்கள். வேறு எதுவுமே கிடைக்காத நிலையில், பூஞ்சைக்கொல்லி இல்லாத மீன்தொட்டி வகையை உள்ளங்காலில் பயன்படுத்தலாம். நிற்க வைக்கும் பொம்மைகளில் பாதத்து எஃகுக் குமிழ்களைச் சுற்றி வரும் வெடிப்புக்கு அந்தக் கடினத்தன்மை ஒரு குறையாகாது. மற்ற இடங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

நிஜமான போட்டி மீதமுள்ள இரண்டுக்கு இடையில்தான். ஒன்று, குழாயில் வரும் ஒற்றைக்கூறு சிலிக்கோன் ஒட்டுப்பசை. ஸ்மூத்-ஆன் நிறுவனத்தின் சில்-பாக்ஸி இதில் பலரும் அறிந்தது. இன்னொன்று, இரண்டு திரவங்களைச் சரிபாதியாகக் கலந்து ஊற்றும் பிளாட்டின சிலிக்கோன். எகோஃபிளெக்ஸ், டிராகன் ஸ்கின் போன்றவை.

ஒற்றைக்கூறு பசையின் பலம், அது தகர வகையிலும் பிளாட்டின வகையிலும் பிடிக்கும் என்பது. கலக்க வேண்டியதில்லை, நிறுக்க வேண்டியதில்லை. காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகும். சில்-பாக்ஸியைக் கையாள 5 நிமிடம் கிடைக்கும். மெல்லிய படலம் 12 நிமிடத்தில் இறுகிவிடும். முழு வலு வர ஒரு நாளாவது விடுவதுதான் நல்லது. பலவீனமும் அதே ஈரத்தில்தான் இருக்கிறது. இந்த வகைப் பசை வெளியிலிருந்து உள்நோக்கித்தான் இறுகும். ஒரு நாளுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம். ஒரு சென்டிமீட்டர் ஆழமான கிழிசலில் குழாயை அழுத்தி நிரப்பிவிட்டால் மேலே தோல் கட்டிக்கொள்ளும், அடியில் பசை நாள்கணக்கில் கூழாகவே இருக்கும். அந்த நிலையில் பொம்மையை எடுத்து உட்கார வைத்தால் ஒட்டு வாய்பிளக்கும். சென்னை போன்ற கடலோர ஊரின் ஈரக் காற்றில் இது வேகமாக இறுகும். குளிரூட்டிய அறையின் வறண்ட காற்றில் தாமதமாகும்.

உள்தொடையில் இரண்டு அங்குல நீளமுள்ள கிழிசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பொம்மையைப் படுக்க வைத்து, கிழிசல் தானாக மூடிக்கொள்ளும் கோணத்துக்குக் காலைத் திருப்புங்கள். பசை காயும்வரை அது அப்படியே இருக்க வேண்டும் என்பதால் தலையணை கொடுத்து நிலைப்படுத்துங்கள். இப்போது விளிம்பை விலக்கிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் பொடி ஒட்டியிருக்கும். தோல் பிசுபிசுக்காமலிருக்கப் போடும் முகப்பவுடர்தான் அது. பழுது தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் கிடையாது. பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, துணி அழுக்கில்லாமல் வெளியே வரும்வரை இரு முகங்களையும் துடையுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். ஆல்கஹால் முழுவதும் பறந்த பிறகு, ஒரு பிளாஸ்டிக் குச்சியில் பசையைத் தொட்டுக் கிழிசலின் அடி மூலையிலிருந்து தொடங்கி இரு முகங்களிலும் மெழுகுவது போல மெல்லப் பூசுங்கள். கிழிசலின் இரண்டு நுனிகளையும் தவறவிடக் கூடாது. அங்கேதான் இழுவிசை குவிகிறது, பசை படாத நுனியிலிருந்து கிழிசல் மறுபடி ஓடும். பிறகு விளிம்புகளைச் சேர்த்து அழுத்துங்கள். மேலே பிதுங்குவதை ஆல்கஹாலில் தொட்ட விரலால் வழித்துவிட்டு, ஈரமான கடற்பஞ்சால் லேசாக ஒற்றினால் வழவழப்பு போய்த் தோலின் மேனி வரும். விளிம்பு விலகாமலிருக்கக் குண்டூசி குத்துகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒவ்வொரு ஊசித் துளையும் அடுத்த கிழிசலின் ஆரம்பம். மென்மையான துணிப்பட்டியைச் சுற்றிக் கட்டினால் போதும்.

பிளாட்டின சிலிக்கோன் வேறு குணம். ஈரத்துக்காகக் காத்திருக்காது, எவ்வளவு ஆழமாக ஊற்றினாலும் முழுவதும் ஒரே சீராக இறுகும். மென்மையையும் நாமே தேர்ந்தெடுக்கலாம். எகோஃபிளெக்ஸ் 00-30 பொம்மைத் தோலுக்கு மிக அருகில் வரும். கையாள 45 நிமிடம், இறுக 4 மணி நேரம். டிராகன் ஸ்கின் 10 மீடியம் அதைவிடக் கெட்டி, கையாள 20 நிமிடம், இறுக 5 மணி நேரம். ஆனால் தயாரிப்பாளர் தரும் கணக்கில் அதன் கிழிபடும் வலு எகோஃபிளெக்ஸைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். இந்த நேரங்கள் 23 டிகிரி அறைக்குரியவை. சித்திரை வெயிலில் நம் அறைகளில் அதில் பாதிகூடக் கிடைக்காமல் போகலாம். சிலிக்கோனுக்கான நிறமி சேர்த்தால் தோல் நிறத்தையும் நெருங்கிப் பிடிக்கலாம். குழாய்ப் பசையில் அவ்வளவு நிதானம் கிடைப்பதில்லை.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பிளாட்டினச் சேர்மம் எளிதில் முடங்கிப்போகும். கந்தகம், தகரம், அமீன்கள் எனப்படும் நைட்ரஜன் சேர்மங்கள் பட்டால் கலவை இறுகாமல் பிசினாகவே நிற்கும். கந்தகம் சேர்ந்த லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கலந்தாலே போதும், வேலை கெட்டுவிடும்; நைட்ரில் கையுறைதான் வேண்டும். தகர வகைப் பொம்மையின் மேல் பிளாட்டினத்தை ஊற்றினால் தொடும் முகத்தில் இறுகாமல் போகும் ஆபத்து உண்டு. முன்பு வேறு பசை போட்ட இடத்திலும் இதே கதைதான். எந்த வகை என்று தெரியாவிட்டால், மறைவான இடத்தில் ஒரு துளி வைத்து ஒரு நாள் பாருங்கள். இரண்டாவது நிபந்தனை பிடிப்பைப் பற்றியது. புதிதாக இறுகிய சிலிக்கோனில் அடுத்த அடுக்கு நன்றாகப் பிணையும். சில ஆண்டு பழகிய தோலில் அந்தப் பிணைப்பு குறைவு. அதனால் கிழிந்த முகங்களை மெல்ல உராய்ந்து புதிய பரப்பை வெளிக்கொண்டு வர வேண்டும்.

அந்தக் குறையை ஈடுகட்ட ஒரு நல்ல வழி இருக்கிறது. நாலா பக்கமும் நீளும் மெல்லிய நைலான் வலைத் துணியை, பழைய காலுறைத் துணியானாலும் சரி, கிழிசலைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாக வெட்டி, உட்புறமாக வைத்து அதன்மேல் சிலிக்கோனை ஊற வைப்பது. திக்ஸோட்ரோபிக் சேர்பொருளைச் சில துளி கலந்தால் திரவம் வெண்ணெய் பதத்துக்கு வந்து, சாய்ந்த பரப்பிலும் வழியாமல் நிற்கும். இழுவிசை முழுவதும் ஒரே கோட்டில் விழாமல் வலையின் பரப்பில் பரவிவிடுகிறது. சினிமாவுக்குச் சிலிக்கோன் முகமூடி செய்கிறவர்களுக்கு இது அன்றாட வேலை. பல் மருத்துவக் கல்லூரிகளில் செயற்கைக் காதும் மூக்கும் வார்க்கும் துறையினர் கையாளும் பொருளும் இதே பிளாட்டின சிலிக்கோன் குடும்பம்தான்.

ஆக, இடத்தைப் பார்த்துத்தான் தேர்வு. அச்சுக் கோட்டின் மேல்பூச்சு பெயர்ந்திருந்தால் குழாய்ப் பசை போதும். பெயர்ந்த பூச்சை முழுவதும் வெட்டி எடுத்துவிட்டு மெல்லிய படலமாகப் பூசுங்கள். விரல் நுனியில் கம்பி துருத்திக்கொண்டு வந்திருந்தால், முதலில் கம்பியின் முனையை மடித்தோ மழுக்கியோ விட்டு, அதே பசையால் மூடலாம். விரல் சிறிய இடம், கடினத்தன்மையின் வேறுபாடு அங்கே பெரிதாகப் பாதிக்காது. கழுத்தின் ஓரக் கிழிசலும் பெரும்பாலும் அப்படியே. மேலே சொன்ன உள்தொடைக் கிழிசல் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழம் என்றால் குழாய்ப் பசை, இடையில் ஒரு நாள் விட்டு இரண்டு அடுக்காக. ஆனால் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உட்பகுதி தெரியும் அளவுக்கு நீண்டு விழுந்த கிழிசலுக்கு வலை வைத்த பிளாட்டினம் ஒன்றைத்தான் நான் நம்புகிறேன். கை மேலே தூக்கும்போது அக்குளின் தோல் மிக அதிகமாக இழுபடுகிறது. அங்கே கடினமான பசைக்கோடு ஒன்று இருந்தால் கிழிசல் அதன் ஓரத்துக்கு இடம் மாறுமே தவிர நிற்காது.

இரண்டையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கலக்க நினைக்காதீர்கள். குழாய்ப் பசைகளில் பலவற்றில் தகரச் சேர்மம் இருக்கிறது. காயாத பசை பிளாட்டினத்தை முடக்கும். பிளாட்டினத்தை முதலில் ஊற்றி முழுவதும் இறுகவிட்டு, மேல் ஓரங்களைக் குழாய்ப் பசையால் மூடுவது சரியான வரிசை.

பிறரிடம் கொடுத்துச் சரிசெய்வதும் ஒரு வழிதான். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு முப்பது கிலோப் பெட்டியைத் திருப்பி அனுப்புவது, சுங்கமும் சரக்குக் கூலியும் சேர்த்துப் பார்த்தால் கட்டுபடியாகாது. ஆனால் உங்கள் ஊரில் சிலிக்கோனில் ஒப்பனை உறுப்புகள் செய்யும் கலைஞர் யாரேனும் இருந்தால், கிழிந்த இடத்தை மட்டும் படமெடுத்துக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அவர் பார்வையில் அது ஒரு வார்ப்பு வேலை. முகத்திலோ கழுத்திலோ பழுது என்றால் இன்னும் எளிது. பல பொம்மைகளில் தலை எம்16 எனப்படும் 16 மில்லிமீட்டர் திருகால்தான் மாட்டப்பட்டிருக்கும். கழற்றித் தனியே எடுத்துச் செல்லலாம். முகத்தின் நிறமும் நரம்புக் கோடும் பொருந்த வேண்டிய வேலையைக் கைதேர்ந்தவரிடம் விடுவதே நல்லது.

எதுவும் செய்யாமல் விடுவதற்கும் சில இடங்கள் இருக்கின்றன. முதுகிலோ இடுப்பின் பக்கவாட்டிலோ இழுபடாத இடத்தில் இருக்கும் மயிரிழைக் கோட்டை, நீளாமல் இருக்கும்வரை, தொட வேண்டாம். பேனாவால் அதன் இரு நுனிகளையும் குறித்துவைக்காதீர்கள். மை சிலிக்கோனில் இறங்கிவிடும். அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் வளர்கிறதா என்று தெரிந்துவிடும்.

ஒட்டிய இடம் மறுபடி திறந்துகொண்டால், புதிய பசையை எடுக்குமுன் அது திறந்த விதத்தைப் பாருங்கள். பசை ஒரு பக்கத்தில் முழுவதுமாக ஒட்டிக்கொண்டு மறுபக்கத்திலிருந்து வழவழப்பாக உரிந்து வந்திருந்தால், அந்த முகத்தில் பவுடரோ எண்ணெயோ மிச்சமிருந்திருக்கிறது. சுத்தம் செய்து அதே பசையைப் போடலாம். பசையின் நடுவே பிளந்து உள்ளே ஈரமாக இருந்தால், தடிமனாகப் போட்டுவிட்டு அவசரப்பட்டிருக்கிறார்கள். வழித்தெடுத்துவிட்டு மெல்லிய அடுக்குகளாகப் போட வேண்டும். பசை இரு பக்கமும் இறுகப் பிடித்திருக்க, அதன் ஓரத்தில் புதிய கோடாகத் தோல் கிழிந்திருந்தால், அந்த இடத்துக்கு அந்தப் பசை கடினம். அங்கே மறுபடியும் குழாயை எடுக்க வேண்டாம். இறுகிய பசை முழுவதையும் கூரிய கத்தியால் வெட்டி எடுத்து, நல்ல தோல் தெரியும்வரை போய், அங்கிருந்து வலையும் பிளாட்டினமுமாகத் தொடங்குங்கள்.